யார் செலவில் பரீட்சை?

நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்கைப் பற்றி நாம் எழுதாத எழுத்தில்லை, பேசாத பேச்சில்லை. கதைகளில் கண்டித்தோம், நாடகங்களில் கேலி செய்தோம், மேடைகளில் முழங்கினோம். ஆயினும் அந்தச் சடங்கில் ஒரே ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை வீட்டார்தாம் புறப்பட்டு வருவார்கள். ரயில் சார்ஜ் அவர்களுடையது. ஒரு மணி நேரத்தில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் தீர்ந்துவிடும். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். அத்தோடு விட்டது.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பெண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். போவதற்கு முன் மனுப் போட வேண்டும். மனுவோடு பணமும் கட்ட வேண்டும். அந்த ஊரில் தன் செலவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, இரவு வரையில் வேலை செய்ய வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நான்கு வாரம். அதே சமையலறையில் அதே வரனுக்காக வந்த இன்னும் இரண்டு பெண்களும் இருப்பார்கள். நான்கு வாரம் முடிந்ததும் சம்மதமா இல்லையா என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த மார்ச் மாதம் தெரியும்! இந்தச் சிரமம் முடிந்ததும் பெண் அடுத்த ஊருக்கு, அடுத்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்க வேண்டும்.

இப்படி ஒரு வழக்கத்தை நான் கதையில் எழுதினால் "மிகைப்படுத்துகிறான்" என்று நேயர்கள் கடிதம் எழுதுவீர்கள். ஆனால் அமெரிக்காவில், படித்தவர்களுக்குள் படித்தவர்கள் என்று கருதப்படும் வைத்தியக் கல்லூரி மாணவர்களிடையே, இது வருஷந்தோறும் நடக்கிறது. 'அவே ரொட்டேஷன்' என்று பெயர். மாணவர்கள் தங்களுக்குள் அதை 'ஆடிஷன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மாணவர் சொல்வதுதான் சரியான பெயர்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் முதலில் நான்கு வருஷம் சாதாரணக் கல்லூரி. பிறகு நான்கு வருஷம் வைத்தியக் கல்லூரி. அதற்கும் பிறகு 'ரெஸிடென்ஸி' என்னும் ஆஸ்பத்திரிப் பயிற்சி. எலும்பு வைத்தியத்துக்கு ஐந்து வருஷம். மூளை அறுவைக்கு ஏழு வருஷம். இந்த ரெஸிடென்ஸி கிடைக்காதவன், டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்குத் தன் பொறுப்பில் மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையைச் சாதாரணமாகப் பெற முடியாது. ஆகவே வாழ்வா சாவா என்பது இங்கேதான். கடைசி வருஷத் தொடக்கத்தில், ஜூன், ஜூலை தொட்டு அக்டோபர் வரையில், மாணவர்கள் தாங்கள் சேர விரும்பும் வேற்றூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் ஒவ்வொன்றிலும் நான்கு வாரம் வேலை செய்கிறார்கள். எலும்பு, மூளை, காது-மூக்கு-தொண்டை, பிளாஸ்டிக் சர்ஜரி, அவசர சிகிச்சை ஆகிய துறைகளில் இது ஏறக்குறைய எழுதாத சட்டம். இரண்டு இடம், மூன்று இடம் என்று போகிறார்கள்.

இதற்கு மனுப் போடும் படலமே ஒரு தனிப் புராணம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கணினி வழியாக ஓர் ஏற்பாடு நடத்துகிறது. வருகை மாணவர்கள் 'கற்கும் வாய்ப்பு' என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம், பல கல்லூரிகள் தங்கள் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம். தடுப்பூசிச் சான்று, காசநோய்ச் சோதனை, குற்றப் பதிவு ஏதும் இல்லை என்ற சான்று, போதை மருந்துச் சோதனை, முகமூடி முகத்துக்குப் பொருந்துகிறது என்ற சான்று என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒரு கல்லூரி கேட்ட நமூனாவை இன்னொன்று ஏற்காது. எது கிடைக்கும் என்று தெரியாததால் மாணவன் பத்து, பதினைந்து இடங்களுக்குப் போட்டுவைக்கிறான். சில இடங்களிலிருந்து பதிலே வராது. பதில் வந்தால், இத்தனை நாளுக்குள் ஒப்புக்கொள், இல்லையேல் இடம் போய்விடும் என்று வரும். முதல் விருப்பமான ஆஸ்பத்திரி மௌனமாயிருக்க, நான்காவது விருப்பம் கழுத்தில் கத்தி வைத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பணத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று நம்மில் சிலர் நினைக்கலாம். நான் பேசுகிறேன். ஓஹையோவில் படிக்கும் ஒரு மாணவி கலிபோர்னியாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் அறைக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். போன ஊரில் இன்னொரு வாடகை. விமானச் சீட்டு. பஸ் புறப்படாத நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருப்பதால் ஒரு கார். இவ்வளவுக்கும் மேலே, அந்த நான்கு வாரத்துக்கும் சேர்த்துத் தன் சொந்தக் கல்லூரிக்குச் சம்பளம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே கடன் வாங்கிப் படித்துப் பட்டம் பெறும் ஒரு டாக்டரின் நடுத்தரக் கடன் சுமார் 2,00,000 டாலர். அந்தக் கடனின் தலைமேல் இந்தப் பிரயாணக் கடன் ஏறுகிறது. சில ஆஸ்பத்திரிகள் சில மாணவர்களுக்கு உதவித்தொகை தருவதுண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்றுக்கு வாளி தேடுகிறவனிடம் கரண்டியைக் கொடுப்பது போன்றது அது.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது? மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்திமதிகளைக் கேட்டால் போதும். எல்லோருக்கும் முன்னே வா. எல்லோருக்கும் பின்னே போ. கத்தரிக்கோலும் பஞ்சும் பிளாஸ்திரியும் சட்டைப் பையில் தயாராக இருக்கட்டும். கேட்டால் பதில் சொல்; கேட்காதபோது வாயைத் திறக்காதே. ரெஸிடென்ட்டைவிட உனக்கு அதிகம் தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டாதே. தலைமை டாக்டர் சிரித்தால் சிரி. பசிக்கிறதென்று சொல்லாதே.

இந்தப் பட்டியலில் நோயாளி எங்கே என்று நான் தேடிப் பார்த்தேன். அவர் படுக்கையில்தான் இருக்கிறார். ஆனால் மேடையில் வைத்த நாற்காலி போல் இருக்கிறார். பாத்திரங்களைப் படைப்பதே தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு மனிதனை நான்கு வாரம் நல்லவனாக நடிக்கச் சொன்னால் அவனுடைய குணம் தெரியாது, நடிப்புத்தான் தெரியும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லித் தந்த பாடம். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஆபரேஷன் அறையில் பெரிய டாக்டர் ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்கும் வெளியூர் மாணவி அதைப் பார்த்துவிடுகிறாள். சொல்வாளா? சொன்னால் அவளுடைய சிபாரிசுக் கடிதம் என்னவாகும்? இன்று வாயடைத்து நிற்கப் பழகியவளைத்தான் நாளை "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று விசாரணைக் கமிட்டி கேட்கப் போகிறது.

என் நண்பர் ஒருவரின் மகன் அங்கே எலும்பு வைத்தியராயிருக்கிறான். கெட்டிக்காரன், நல்லவனுங்கூட. அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான்.

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? அஞ்சு வருஷம் ராப்பகலா கூட நின்னு வேலை செய்யப் போறவங்க. நாலு வாரம் பார்த்து எடுத்தால்தானே ஆள் எப்படின்னு தெரியும்? அரை மணி நேரப் பேட்டியிலே என்ன தெரிஞ்சுடும்?"

"நீயும் போனாயோ?"

"மூணு இடம்."

"செலவு?"

"அப்பா பார்த்துக்கிட்டார்."

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல முடியாதவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவன் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கூட வேலை செய்து பார்ப்பது பேட்டியைவிட மேல்தான். மாணவனுக்கும் அந்த ஆஸ்பத்திரியின் உள்வீட்டுச் சங்கதி தெரியும். அங்கே ஜூனியர்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்பதைக் கண்ணால் காண்பான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் அது பரீட்சை. பரீட்சை என்று சொல்லுங்கள். 'கற்கும் வாய்ப்பு' என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள்? அவசர சிகிச்சைத் துறையில் மாணவனுக்குத் தரும் கடிதத்துக்கு ஒரே மாதிரியான அச்சுப் படிவம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரியின் தேர்வுப் பட்டியலில் இந்த மாணவன் எந்த இடத்தில் வருவான் என்று அந்தப் படிவமே கேட்கிறது. கற்றுக்கொள்ள வந்தவனைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது?

'ஆடிஷன்' என்ற சொல் நமக்குப் புதிதில்லை. 1952-ல் அகில இந்திய வானொலி சங்கீத வித்துவான்களுக்கு ஆடிஷன் வைத்தபோது எழுந்த கூச்சல் ரசிகர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே காதுக்குத்தான் வேலை. குரல் நன்றாயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கேயோ, குரலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு.

அதே 1952-ல்தான் அமெரிக்காவில் 'மேட்ச்' என்னும் ஏற்பாடு வந்தது என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். அதற்கு முன்னே ஆஸ்பத்திரிகள் மாணவர்களைப் பிடிக்க ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே வளைத்துப்போட்டன. 1945-ல் மாணவன் யோசித்துப் பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் என்று வைத்தார்கள். 1949-க்குள் பன்னிரண்டு மணி நேரங்கூட அதிகம் என்ற நிலை வந்துவிட்டது. இந்தக் கேவலத்துக்கு முடிவு கட்டத்தான் மாணவர்கள் ஒரு பட்டியல், ஆஸ்பத்திரிகள் ஒரு பட்டியல், இரண்டையும் பொருத்தி ஒரே நாளில் முடிவு என்று செய்தார்கள். முதலில் வகுத்த முறை மாணவனுக்குப் பாதகமாயிருந்தது. 1951-ல் மாணவர்களே எதிர்த்துக் கிளம்பி அதை மாற்றவைத்தார்கள். இந்தத் துறை ஆராய்ச்சிக்காக ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லி இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு அறிவு, எவ்வளவு கணக்கு! யாரை எந்த இடத்தில் வைத்தாய் என்று மாணவனை ஆஸ்பத்திரி கேட்கவே கூடாது என்று விதிகூட இருக்கிறது. இத்தனையும் செய்து வாசல் கதவைப் பூட்டினார்கள். கொல்லைக் கதவு வழியாக அதே அவசரமும் அதே அச்சமும் நான்கு வாரப் பெட்டி படுக்கையோடு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

2022 ஜனவரிக்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. அதுவரை முதற்கட்ட லைசென்ஸ் பரீட்சைக்கு மார்க் போட்டார்கள்; பிறகு தேறினான், தேறவில்லை என்று மட்டுமே சொல்கிறார்கள். மார்க் பைத்தியம் ஒழிந்ததே என்று நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் பேர்தெரியாத கல்லூரியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு அந்த மார்க் ஒன்றுதான் டிக்கெட் வாங்காமல் ஊர் ஊராகப் போய்ப் பேசியது.

இது இல்லாவிட்டால் காரியமே நடக்காது என்பார்கள். நடந்து பார்த்தாயிற்றே! 2020-ல் கொள்ளைநோய் வந்தபோது இந்தச் சுற்றுப்பயணங்கள் வேண்டாமென்று அங்குள்ள சங்கங்களே கூடிச் சொல்லின. சொந்தக் கல்லூரியில் அந்தத் துறைப் பயிற்சியே இல்லாத மாணவனுக்கு மட்டும் விலக்கு. 2021 மார்ச்சில் மேட்ச் வழக்கம்போல் நடந்தது, இடங்கள் நிரம்பின. பல துறைகளில் சொந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தவர்களின் விகிதம் கூடியது என்பது உண்மை. அதில் ஒரு குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலக்கு இருக்கிறதே, அதுதான் நியாயமான விதி. வீட்டில் கிணறு இல்லாதவன் அடுத்த தெருவுக்குப் போகட்டும். கிணறு உள்ளவனையும் ஏன் குடத்தோடு மூன்று ஊர் அலைக்கழிக்க வேண்டும்?

"எங்கள் ஆஸ்பத்திரியில் உண்மையான ஆர்வமிருந்தால் நேரில் வரட்டும்" என்ற வாதமும் செத்துவிட்டது. இப்போது மனுவிலேயே 'சிக்னல்' என்று ஆர்வத்தைக் குறிப்பிட்டு அனுப்ப இடம் வைத்திருக்கிறார்கள். எலும்பு வைத்தியத்துக்கு மட்டும் 30 சிக்னல்! விமானம் ஏறாமலே ஆர்வத்தைச் சொல்ல வழி வந்த பிறகும் விமானம் ஏறச் சொல்வதென்றால், கேட்பது ஆர்வத்தையா, பணப்பையையா?

நம் ஊர்ப் பிள்ளைகள் நிலை தனி. இங்கே எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள் போனால்தான் மாணவன் என்ற பேரில் நோயாளியைத் தொடலாம். பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதே இல்லை. பட்டம் வாங்கிவிட்டால் பெரும்பாலும் 'அப்ஸர்வர்': கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது. பார்ப்பதற்கும் பணம். அதை விற்பதற்குத் தரகர்கள். மாம்பலத்திலும் மதுரையிலும் வீட்டின்மேல் கடன் வாங்கும் தகப்பனார்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஒரு மாணவனுக்கு ஒரு வெளியூர், அதற்கு மேல் கூடாதென்று எல்லாத் துறைகளும் விதி செய்யட்டும். 2021-ல் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. மனுக்களுக்கெல்லாம் ஒரே நாளில் பதில் வரட்டும். மார்ச் மாதத்தில் அத்தனை பெரிய பொருத்தத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வித்தையா? அறையும் பிரயாணமும் அழைக்கிற ஆஸ்பத்திரியின் செலவாகட்டும். மூத்த சர்ஜன் ஒருவரை வேலைக்கு எடுப்பதற்காகப் பார்த்துப் பேச வரவழைக்கும்போது விமானச் சீட்டு, ஹோட்டல் அறை, இரவு விருந்து எல்லாம் சாதாரணமாக அந்த ஆஸ்பத்திரியின் செலவுதான்.