திறன் பயிற்சிக்கு அரசு நிதி: சான்றிதழைத் தாண்டி வேலையைச் சென்றடைகிறதா?

புதுதில்லி: மத்திய அரசின் 'திறன் இந்தியா' திட்டத்துக்கு அமைச்சரவை வழங்கிய ஒப்புதல் 2026 மார்ச் மாதத்துடன் நிறைவடைகிறது. 16-ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலம் ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. இளைஞர்களை வேலைக்குத் தகுதியுடையவர்களாக்கும் திட்டங்களுக்கும், உள்ளூர்ச் சிறு தொழில்களைத் தாங்கிப் பிடிக்கும் திட்டங்களுக்கும் அடுத்த சுற்று நிதி எவ்வாறு பகிர்ந்தளிக்கப்படும் என்பது இந்தக் காலகட்டத்தில் முடிவாக வேண்டியுள்ளது. அதற்குச் சற்று முன்னர், 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) அறிக்கை, பத்தாண்டுகளாகத் தொடரும் ஒரு கேள்விக்கு மீண்டும் உயிர் கொடுத்துள்ளது: பொதுப் பணம் எதை விலைக்கு வாங்குகிறது, சான்றிதழையா, வாழ்வாதாரத்தையா?

தணிக்கை காட்டிய இடைவெளி

பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் (பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா) 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2022 வரையிலான அதன் முதல் மூன்று கட்டங்களைத் தணிக்கையர் ஆய்வு செய்தார். பயனாளிகளின் விவரங்கள் பதிவான தரவுத்தளத்தில் ஏறத்தாழ 94.5 சதவீதப் பதிவுகளில் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ, பூஜ்யங்களாகவோ, பொருளற்ற எழுத்துகளாகவோ இருந்ததாக அறிக்கை கூறுகிறது. கணக்கு எண் இருந்த பதிவுகளிலும் ஒரே எண் பலருக்கும் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தது. சான்றிதழ் பெற்றவர்களில் 34 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நேரடியாகச் சேர வேண்டிய தொகை சேரவில்லை.

இவற்றைவிட முக்கியமானது வேலைவாய்ப்புப் பற்றிய கணக்கு. குறுகியகாலப் பயிற்சி, சிறப்புத் திட்டங்கள் ஆகிய பிரிவுகளில் சான்றிதழ் பெற்ற சுமார் 56 லட்சம் பேரில் பணியில் அமர்த்தப்பட்டவர்கள் 23 லட்சம் பேர், அதாவது 41 சதவீதத்தினர் மட்டுமே. எஞ்சியவர்கள் சுயதொழில் தொடங்கினார்களா, மேற்படிப்புக்குச் சென்றார்களா, வேலை தேடி அலைந்தார்களா என்பதைப் பின்தொடர்வதற்கு உரிய தொடர்பு விவரங்களே பெருமளவில் இல்லை. பயனாளி யார் என்றே உறுதிப்படுத்த இயலாத நிலையில், பயனை அளவிடுவது எவ்வாறு இயலும்?

அடுத்தடுத்த கட்டங்களில் ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு, 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப்' தளம் ஆகியவற்றின் மூலம் கண்காணிப்பு வலுப்படுத்தப்பட்டுள்ளதாக அரசுத் தரப்பு தெரிவிக்கிறது. போலிப் பதிவுகளைத் தடுக்க இவை உதவக்கூடும். ஆனால் அடையாளம் சரிபார்க்கப்பட்ட ஓர் இளைஞருக்கு வேலை கிடைக்கவில்லை என்றால், அந்தச் சிக்கலைத் தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

பணம் எந்தக் கட்டத்தில் வழங்கப்படுகிறது?

சிக்கலின் வேர், நிதி விடுவிக்கப்படும் முறையில் இருக்கிறது. இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி நிறுவனங்களுக்கான கட்டணம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது: பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் வழங்கியதும் 50 சதவீதம், வேலைவாய்ப்பு உறுதியானதும் 20 சதவீதம். பயிற்சி பெற்றவர் ஒருநாள்கூட வேலைக்குச் செல்லாவிட்டாலும் நிறுவனத்தின் கைக்கு 80 சதவீதம் வந்துவிடும். வேலை தேடித் தருவதற்காகும் உழைப்பும் செலவும் எஞ்சிய 20 சதவீதத்தை விஞ்சினால், அந்த முயற்சியைக் கைவிட்டு அடுத்த பயிற்சி வகுப்பைத் தொடங்குவதே நிறுவனத்துக்கு இலாபம்.

திறன் இந்தியா திட்டத்துக்கு 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ.8,800 கோடி ஒதுக்க 2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் ரூ.6,000 கோடி பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கும், ரூ.1,942 கோடி தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்துக்கும், ரூ.858 கோடி ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் மையங்களுக்கும் உரியது. தொழிற்கூடத்துக்குள்ளேயே கற்றுக்கொடுக்கும் பழகுநர் திட்டத்தில் இளைஞர் முதல் நாளிலிருந்தே ஒரு முதலாளியிடம் இருக்கிறார். மாத உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் ரூ.1,500 வரை, அரசு ஏற்கிறது. இருப்பினும் வகுப்பறைப் பயிற்சிக்குக் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இதற்குக் கிடைத்துள்ளது.

உள்ளூரில் வேலை எங்கே?

பயிற்சியின் தரத்தை மட்டும் குறை கூறுவது பாதி உண்மையே. பயிற்சி பெற்றவரை எடுத்துக்கொள்ள உள்ளூரில் தொழில் இருக்க வேண்டும். நாட்டில் பதிவுபெற்ற குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மையானவை குறு நிறுவனங்களே. உரிமையாளரும் குடும்பத்தினரும் ஓரிரு பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் அத்தகைய பட்டறைகளும் கடைகளும் விரிவடைந்தால்தான் சான்றிதழ் பெற்ற இளைஞருக்கு அவருடைய மாவட்டத்திலேயே இடம் கிடைக்கும்.

இந்த நிறுவனங்களுக்கான ஆதரவு பெரும்பாலும் கடன் வடிவிலேயே வருகிறது. 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்தபோது, 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள் வழியே ரூ.32 லட்சம் கோடிக்கு மேல் வழங்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை வியப்பூட்டக்கூடியது. ஆனால் வகுத்துப் பார்த்தால் ஒரு கடனின் சராசரி ரூ.60,000-ஐச் சற்றே தாண்டுகிறது. ஒரு தையல் இயந்திரத்துக்கோ, தள்ளுவண்டிக்கோ, கடையின் சரக்குக்கோ அது போதும். இரண்டாவது பணியாளரை மாதச் சம்பளத்தில் அமர்த்துவதற்குப் பெரும்பாலும் போதாது.

பெரிய அளவில் தொழில் தொடங்க விரும்புவோருக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. திட்ட மதிப்பீட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் கிடைக்கும். கைவினைஞர்களுக்கு 2023 செப்டம்பரில் ரூ.13,000 கோடி மதிப்பில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், 18 தொழில்களில் பயிற்சி, கருவிகளுக்கு ரூ.15,000, 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக ரூ.3 லட்சம் வரை கடன் ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. பயிற்சியும் முதலும் ஒரே கையிலிருந்து வருவது இதன் சிறப்பு. தயாரித்த பொருளுக்குச் சந்தை கிடைக்கிறதா என்பதே அடுத்த சோதனை.

மாநிலங்களின் மாற்றுக் கருத்து

இத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஒரே விதமாக ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்திய தமிழ்நாடு அரசு, விஸ்வகர்மா திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என 2024 நவம்பரில் மத்திய அரசுக்குத் தெரிவித்தது. அதற்கு மாற்றாக, பரம்பரைத் தொழில் என்ற கட்டுப்பாடற்ற 'கலைஞர் கைவினைத் திட்டம்' கொண்டுவரப்பட்டது. இளம் வயதிலேயே ஒருவரைக் குடும்பத் தொழிலுக்குள் அடைத்துவிடக் கூடாது என்ற கவலையும், இருக்கும் கைத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கமும் இங்கே மோதின. யாருக்குத் திறன் கற்பிப்பது என்பதும் சமூகக் கொள்கை சார்ந்த முடிவே என்பதை இந்தக் கருத்து வேறுபாடு உணர்த்தியது.

பின்தொடர்தல் என்னும் பழைய பாடம்

பயிற்சியையும் தொழில் ஆதரவையும் இணைக்கும் வழி இந்தியாவுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தர்மஸ்தலா ஸ்ரீ மஞ்சுநாதேஸ்வரா அறக்கட்டளையும் இரு பொதுத்துறை வங்கிகளும் இணைந்து கிராமப்புற இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின. அதே முன்மாதிரியில்தான் மாவட்டத்துக்கு ஒன்று என்ற இலக்குடன் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் நாடு முழுவதும் அமைக்கப்பட்டன. இவற்றை நடத்துபவை வங்கிகள். பயிற்சி சில வாரங்களே நடைபெறும். ஆனால் பயிற்சி முடித்தவரை இரண்டு ஆண்டுகள் வரை நிறுவனம் பின்தொடர்ந்து, கடன் பெறுவதிலும் தொழிலை நிலைநிறுத்துவதிலும் துணை நிற்க வேண்டும். பயிற்சி அளிப்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே மாவட்டத்தில், ஒரே அமைப்பின்கீழ் இருப்பதால், பயனாளி எங்கே சென்றார் என்ற கேள்விக்குப் பதில் தேட வழி இருக்கிறது.

புதிய திட்டங்கள், புதிய அளவுகோல்

2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம் வேறொரு அளவுகோலைக் கையாளுகிறது. ரூ.99,446 கோடி மதிப்பிலான இத்திட்டத்தில், முதன்முறையாக வேலைக்குச் சேர்பவருக்கு அதிகபட்சம் ரூ.15,000 இரு தவணைகளில் வழங்கப்படும். முதல் தவணை ஆறு மாதங்கள் பணியில் நீடித்த பிறகும், இரண்டாவது தவணை பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகும் கிடைக்கும். கூடுதலாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கு மாதம் ரூ.3,000 வரை இரண்டு ஆண்டுகளுக்கும், உற்பத்தித் துறையில் நான்கு ஆண்டுகளுக்கும் ஊக்கத்தொகை உண்டு. இங்கே பணம் சான்றிதழுக்கு வழங்கப்படவில்லை. வேலையில் நீடிப்பதற்கு வழங்கப்படுகிறது. வருங்கால வைப்பு நிதிப் பதிவே அதற்குச் சான்றாகிறது. எனினும், அந்தப் பதிவுக்கு வெளியே இயங்கும் மிகச் சிறு பட்டறைகளை இத்திட்டம் தொடுவதில்லை.

2025 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிஎம்-சேது திட்டம், ரூ.60,000 கோடியில் 1,000 அரசு ஐடிஐ-களைத் தரம் உயர்த்த முனைகிறது. 200 ஐடிஐ-கள் மையங்களாகவும், 800 அவற்றின் கிளைகளாகவும் இயங்கும். மத்திய அரசு ரூ.30,000 கோடி, மாநிலங்கள் ரூ.20,000 கோடி, தொழில் துறை ரூ.10,000 கோடி எனச் செலவு பகிரப்படுகிறது. தன் பணத்தையும் போடும் தொழில் துறை, பாடத்திட்டத்தில் அக்கறை காட்டும் என்பது இதன் அடிப்படைக் கணிப்பு.

அறிவிப்புக்கும் களத்துக்கும் இடையிலான தூரத்தைப் பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் காட்டியது. முன்னணி நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் ரூ.5,000 உதவித்தொகை என 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய இதன் முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்கள் இருந்தன. 82,000-க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டன. சுமார் 28,000 பேர் ஏற்றுக்கொண்டனர். சேர்ந்தவர்களோ 9,000-க்கும் குறைவு. வெளியூரில் அறை வாடகைக்கும் உணவுக்கும் மாதம் ரூ.5,000 போதுமா என்று கணக்குப் பார்க்கும் குடும்பங்களின் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே.

எச்சரிக்கையுடன் ஒரு மாற்றம்

விளைவைக் கண்டு பணம் கொடு என்ற வாதம் எளிமையானது. ஆனால் அதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. வேலை கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்றால், ஏற்கெனவே வேலை கிடைக்கக்கூடியவர்களையே பயிற்சி நிறுவனங்கள் பொறுக்கி எடுக்கும். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், மாற்றுத்திறனாளி, குழந்தை பெற்ற பின் வேலைக்குத் திரும்ப விரும்பும் பெண், தொலைதூரக் கிராமத்து இளைஞர் ஆகியோர் வாசலிலேயே நிறுத்தப்படுவர். இதைத் தவிர்க்க, எளிதில் வேலை கிடைக்காத பிரிவினருக்குக் கூடுதல் கட்டணம் நிர்ணயிக்கலாம். பெண்களுக்கு 60 சதவீத இடம் என்ற இலக்குடன், வேலையில் மூன்று மாதங்கள் நீடிப்பதையும் அளவுகோலாகக் கொண்டு 2021-ல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் தொடங்கிய 'ஸ்கில் இம்பாக்ட் பாண்ட்' அத்தகையதொரு சோதனை முயற்சி.

15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதத்தினர் மட்டுமே என 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. எனவே பயிற்சிக்கான செலவைக் குறைப்பது தீர்வாகாது; அந்தச் செலவு எதற்காக விடுவிக்கப்படுகிறது என்பதை மாற்றுவதே தேவை. ஏப்ரலுக்குப் பின் வெளியாகும் வழிகாட்டு நெறிமுறைகளில் மூன்று அம்சங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்: பயிற்சிக் கட்டணத்தில் எத்தனை சதவீதம் வேலை நீடிப்புடன் பிணைக்கப்படுகிறது, ஒவ்வொரு மாவட்டத்தின் தொழில் தேவைக்கேற்பப் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்படுகின்றனவா, பயிற்சி முடித்தவருக்கான தொழில் கடனும் வழிகாட்டலும் அதே மாவட்டத்தில் கிடைக்கின்றனவா என்பவையே அவை. தணிக்கை அறிக்கைக்கு அரசு அளிக்கும் உண்மையான பதில் அந்த நெறிமுறைகளில்தான் வெளிப்படும்.