கார்னெல் வெஸ்ட்டின் வேட்புமனு யார் கையில் இருந்தது?

2024 நவம்பர் 5 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளும் கமலா ஹாரிஸ் 226 தேர்வாளர் வாக்குகளும் பெற்றனர். அதே தேர்தலில் இரு பெருங்கட்சிகளுக்கும் வெளியே நின்று சுயேச்சையாகப் போட்டியிட்ட கறுப்பினத் தத்துவப் பேராசிரியர் கார்னெல் வெஸ்ட், நாடு முழுவதிலுமாகப் பெற்ற வாக்குகள் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. பதிவான வாக்குகளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது இல்லை. இந்த எண்ணிக்கையைக் கொண்டு அவரை வேடிக்கை வேட்பாளர் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒடுக்கப்பட்டோரின் தரப்பிலிருந்து, ஆளும் கட்சிகளின் தயவின்றி ஒருவர் தேர்தலில் நிற்கும்போது அந்த வேட்புமனுவுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இவரது 17 மாதப் பயணம் கவனமாகப் படிக்கவேண்டிய வழக்கு.

வெஸ்ட் 1953ஆம் ஆண்டு ஓக்லகோமாவின் டல்சா நகரில் பிறந்தவர். பாட்டனார் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர், தாயார் ஆசிரியர். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் வளர்ந்த அவர், கறுப்பின மக்களை இரண்டாந்தரக் குடிகளாக நடத்தும் நாட்டின் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்துச் சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். கருஞ்சிறுத்தைகளின் அரசியலால் ஈர்க்கப்பட்டும், தம் கிறித்தவ நம்பிக்கையின் காரணமாக அவ்வமைப்பில் சேராமல் அவர்களுடைய காலை உணவுத் திட்டத்திலும் சிறைவாசிகளுக்கான பணியிலும் உழைத்தார். நம் தலித் சிறுத்தைகள் 1972இல் மும்பையில் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டது அதே அமைப்பைப் பார்த்துத்தான். ஹார்வர்டில் 1973இல் பட்டம் பெற்ற வெஸ்ட், 1980இல் பிரின்ஸ்டனில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1993இல் வெளிவந்த ‘ரேஸ் மேட்டர்ஸ்’ நூல் அவரைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் அறிமுகப்படுத்தியது. இப்போது அவர் பணியாற்றும் யூனியன் இறையியல் கல்லூரி, அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சாலையில் இருக்கிறது. பாலத்தீனரையும் தலித்துகளையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டுப் பேசும் வழக்கமும் அவருக்கு உண்டு. 1946இல் டபிள்யூ.ஈ.பி. டூ பாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதிய கடிதத்தை அறிந்தவர்களுக்கு இந்த உறவு புதிதல்ல.

அதிகாரத்தோடு அவருக்கு இருந்த உறவு சிக்கலானது. 2008இல் பராக் ஒபாமாவுக்காக ஊர் ஊராகச் சென்று பிரச்சாரம் செய்தவர், வங்கிகளைக் காப்பாற்றிய அரசு வீடிழந்தோரைக் காப்பாற்றவில்லை என்று கண்டபின் ஒபாமாவின் மிகக் கடுமையான விமர்சகரானார். கறுப்பின மக்களிடமிருந்தே இதற்காக வசவுகளை வாங்கினார். தம் சமூகத்திலிருந்து உயர் பதவிக்குச் சென்றவரைக் கேள்வி கேட்பது எத்தகைய தனிமையைக் கொண்டுவரும் என்பதை நம் ஊர்ச் செயற்பாட்டாளர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹார்வர்டை விட்டு அவர் இரண்டு முறை வெளியேறினார். 2021இல் நடந்த இரண்டாம் வெளியேற்றத்துக்குத் தம் பாலத்தீன ஆதரவே காரணம் என்று கருதுகிறார்.

கொள்கைகளைப் பொறுத்தவரை, 2024 வேட்பாளர்களில் நம் கோரிக்கைகளுக்கு மிக நெருக்கமாக நின்றவர்களுள் வெஸ்ட் ஒருவர். பெருஞ்செல்வந்தர்களின் சொத்துமீது வரி, அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, அடிமை முறைக்கும் அதன் தொடர்ச்சிக்கும் இழப்பீடு, பெருந்திரளாகச் சிறையிலடைக்கும் கொள்கைக்கு முடிவு, நேட்டோ கூட்டணியைக் கலைத்தல், காசாவில் நடப்பதை இனப்படுகொலை என்று பெயர்சொல்லி அழைத்து இஸ்ரேலுக்கு ஆயுத உதவியை நிறுத்துதல் ஆகியவை அவருடைய அறிக்கையில் இருந்தன. துணை அதிபர் வேட்பாளராக அவர் தெரிவு செய்த மெலினா அப்துல்லா, ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையை உருவாக்கியோரில் ஒருவர். ஆக, பேச்சில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

2023 ஜூன் 5 அன்று மக்கள் கட்சி என்ற சிறு கட்சியின் வேட்பாளராக வெஸ்ட் தம்மை அறிவித்தார். பத்தே நாளில் அதைவிட்டுப் பசுமைக் கட்சிக்கு மாறினார். அக்டோபர் 5 அன்று அதையும் விட்டுச் சுயேச்சையானார். கட்சிக் கட்டுப்பாடு தம் குரலைச் சுருக்கும் என்பது அவர் தரப்பு நியாயம். சட்டம் பயின்றவர்களின் கண்ணில் இது ஒரு பெரும் சொத்தைத் தெருவில் போட்டுவிட்டு நடப்பதற்கு ஒப்பானது. பசுமைக் கட்சிக்குப் பல மாகாணங்களில் வாக்குச்சீட்டில் ஏற்கெனவே இடம் இருந்தது. பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் கையெழுத்துத் திரட்டியும் வழக்காடியும் ஈட்டிய இடம் அது. பின்னர் அக்கட்சியின் வேட்பாளரான ஜில் ஸ்டைன் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். வெஸ்ட்டின் பெயரோ ஏறத்தாழ 16 மாகாணங்களின் வாக்குச்சீட்டில் மட்டுமே அச்சேறியது.

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கென ஒரே தேசியச் சட்டமோ ஒரே தேர்தல் ஆணையமோ இல்லை. வேட்பாளரை வாக்குச்சீட்டில் சேர்க்கும் விதியை ஒவ்வொரு மாகாணமும் தானே எழுதிக்கொள்கிறது. டென்னசியில் 275 வாக்காளர்களின் கையெழுத்து போதும். கலிபோர்னியாவில் சுயேச்சைக்கு ஏறத்தாழ 2,19,000 கையெழுத்துகள் வேண்டும். போதாக்குறைக்கு, மாகாணத்துக்குரிய தேர்வாளர்களின் பட்டியலையும் வேட்பாளரே பெயர் பெயராகத் தரவேண்டும். இவ்விதிகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் இல்லாமல் இல்லை. 1968இல் ஒஹையோவின் விதிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. 1983இல் ஜான் ஆண்டர்சன் வழக்கில், மார்ச் மாதத்திலேயே மனுவைக் கேட்கும் காலக்கெடு செல்லாது என்றது. 1968 வழக்கில் பயனடைந்தவர் நிறவெறியைக் கொடியாகப் பிடித்த ஜார்ஜ் வாலஸ் என்பது சட்ட வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

வெஸ்ட்டின் வழக்குகளில் நடந்ததைப் பாருங்கள். மிச்சிகனில் அவருடைய பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி சான்று முறையாக இல்லை என்று தேர்தல் துறை தள்ளியது. நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. வட கரோலினாவில் அவர் தொடங்கிய ‘அனைவருக்கும் நீதி’ கட்சியை மாகாணத் தேர்தல் வாரியம் ஏற்க மறுத்தது. ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஏற்கச் சொன்னார். பென்சில்வேனியாவில் தேர்வாளர்கள் பலரின் பிரமாணப் பத்திரங்கள் இல்லையென்று மனு நிராகரிக்கப்பட்டது. அவ்விதியின்மீது தமக்குக் கடும் ஐயம் உண்டு எனச் சொன்ன நீதிபதியே, தேர்தல் நெருங்கிவிட்டதால் தலையிட முடியாது என்று கைவிரித்தார். ஜார்ஜியாவில் நடந்தது கொடுமையின் உச்சம். தேர்வாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே மனுத் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்று மாகாண உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 25 அன்று முடிவு செய்தபோது வாக்குச்சீட்டுப் பணி முடிந்துவிட்டிருந்தது. எனவே அவர் பெயர் சீட்டில் இருந்தது. அவருக்கு விழுந்த வாக்கு எண்ணப்படவில்லை.

இந்தத் தடைகளில் பலவற்றின் பின்னால் ஜனநாயகக் கட்சியினரின் வழக்கறிஞர் படை இருந்தது. சிறு வேட்பாளர்களை எதிர்ப்பதற்கென்றே அக்கட்சி ஆட்களை அமர்த்தியது; தனி நிதிக் குழுவும் உருவானது. மறுபுறம், வெஸ்ட்டை வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்குக் குடியரசுக் கட்சியோடு தொடர்புடையவர்கள் ஓடி ஓடி உழைத்தனர். அரிசோனாவில் தேர்வாளராகப் பெயர் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண், தம் பெயரிலான படிவத்தில் இருந்தது தம் கையெழுத்தே அல்ல என்றார். பட்டியல் சரியத் தொடங்கியதும் குடியரசுக் கட்சிச் சார்புள்ள வழக்கறிஞர்கள் தேர்வாளரின் வீட்டுக்கே சென்றதை அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொணர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸுக்கு ஆடம்பரப் பயணங்கள் அளித்துப் பெயர் கெட்ட கோடீசுவரர் ஹார்லன் குரோ, சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையான 3,300 டாலரை வெஸ்ட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். முதலில் அதை நியாயப்படுத்திய வெஸ்ட், பின்னர் திருப்பிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில் இதன் சாயலை நாம் கண்டிருக்கிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபின் 1996 முதல் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் அத்தேர்தல்களை நடக்கவிடவில்லை. நடந்தபோது தாம் நிறுத்திய ஒருவரை வெல்லவைத்து உடனே பதவி விலகச் செய்தனர். வேட்பாளர் தலித், மனு சட்டப்படி சரி, ஆனால் மனுவின் உரிமையாளர் வேறொருவர். வெஸ்ட்டை அத்தகைய கைப்பாவை என்று சொல்வது அநியாயம். அவர் தம் கருத்துகளில் ஒன்றையும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் மனுவைச் சுமந்து செல்ல நமக்கென்று கால்கள் இல்லாதபோது, வேறு யாரோ தம் கணக்குக்காக அதைச் சுமப்பார்கள். பூனா ஒப்பந்தத்துக்குப் பின் தனித்தொகுதிப் பிரதிநிதி யாருக்குக் கடன்பட்டவராவார் என்று அம்பேத்கர் அஞ்சியதும் இதன் இன்னொரு வடிவம்தான்.

‘வாக்கைப் பிரிப்பவர்’ என்ற குற்றச்சாட்டையும் எண்களோடு பார்க்கவேண்டும். 2000இல் புளோரிடாவில் ரால்ப் நேடர் பெற்றது 97,488 வாக்குகள். புஷ்ஷின் முன்னிலை 537. அந்தக் கணக்கு அன்று பொருந்தியது. 2024இல் மிச்சிகனில் டிரம்ப்பின் முன்னிலை சுமார் 80,000. வெஸ்ட் அங்கே பெற்றது சுமார் 6,600. ஹாரிஸ் தோற்றதற்குக் காரணம் தேடுவோர் காசாவைப் பார்க்கட்டும், கூலியையும் விலைவாசியையும் பார்க்கட்டும். வெஸ்ட்டைச் சாடுவதில் பொருளில்லை.

ஜனநாயகக் கட்சியையே நம்பியிருக்கலாமே என்போருக்கு ஒரு பதில் கலிபோர்னியாவில் இருக்கிறது. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் மசோதா 2023இல் அம்மாகாணச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. இருக்கும் சட்டமே போதும் என்று காரணம் சொல்லி, ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபர் 7 அன்று அதை நிராகரித்தார். வெஸ்ட் சுயேச்சையாகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தோற்றும் விதியை மாற்றியவர்கள் உண்டு. ஜெஸ்ஸி ஜாக்சன் 1988இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் ஏறத்தாழ 70 இலட்சம் வாக்குகள் பெற்றுத் தோற்றார். அந்த வாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதிநிதிகளை விகிதாசாரப்படி பகிரும் விதியைக் கட்சியிடமிருந்து பெற்றார். 2008இல் ஹிலாரி கிளின்டனை ஒபாமா முந்த உதவியது அவ்விதி.

இரு கட்சிகளுக்கும் வெளியிலிருந்து செய்ததற்கு உதாரணம் சியாட்டில். புனேயில் பிறந்து, பார்ப்பனக் குடும்பத்திலிருந்து வந்ததைத் தாமே வெளிப்படையாகச் சொல்லும் சோசலிஸ்டான சமா சாவந்த், 2013இல் அந்நகர மன்றத்துக்குத் தேர்வானார். ஒரே ஓர் இடம். ஆனால் அதன் பின்னால் வீடு வீடாகச் செல்லும் அமைப்பு இருந்தது. 2014இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் வந்தது. 2021 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 300 வாக்கு வேறுபாட்டில் அவர் பதவியில் நீடித்தார். 2023 பிப்ரவரி 21 அன்று அவர் கொண்டுவந்த சாதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறியது. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இயற்றிய முதல் நகரம் அது. அந்த 300 பேரைத் தேடிக் கதவு தட்டியோரின் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை.