சத்துணவு எட்டாத வயது

தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் எண் இது. 2015-16 கணக்கெடுப்பில் இது 50.7 ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளோ நான்கில் ஒருவர். பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இந்த எண்களைக் கண்டு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை.

1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் மதிய உணவைத் தொடங்கினார்கள். 1956-இல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றார். 1982-இல் எம்.ஜி.ஆர். இரண்டு வயதுப் பிள்ளையையும் பந்தியில் உட்காரவைத்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொன்றும் பெருமைக்குரியது, ஒன்றையும் குறைத்துப் பேச நாம் தயாரில்லை. ஆனால் 1982-இல் இரண்டு வயது வரை இறங்கிவந்த பந்தி அங்கேயே நின்றுவிட்டது. பாதிப்பு தொடங்குவது அதற்கும் முன்னால்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து கொண்டுவரும் இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். தாய்க்கே ரத்தசோகை இருந்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே ஏழாவது மாதத்திலிருந்து அது உணவில்தான் வந்தாக வேண்டும். அதே காலத்தில்தான் உடம்பு அசுர வேகத்தில் வளர்கிறது. ஒரு வயதுக்குள் பிறந்த எடை மூன்று மடங்காகிறது, உயரம் 25 சென்டிமீட்டர் கூடுகிறது. இரண்டு வயதில் மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. இந்த மாதங்களில் விழுந்த குறையைப் பிறகு ஈடுகட்டுவது கடினம். மருந்து கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்தாலும், பல குழந்தைகளுக்குக் கற்கும் திறனில் பின்னடைவு தங்கிவிடுகிறது.

அப்படியானால் எந்த வயதுக்கு நாம் அதிகம் கொடுக்கிறோம்? பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை. அங்கன்வாடிக்கு வரும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று. ஒரு வயது முடிந்து இரண்டு முடியாத குழந்தைக்கு ஒன்றே ஒன்று. தேவை எங்கே மிக அதிகமோ அங்கே கை சுருங்குகிறது. அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்குப் போகிறது, உண்மைதான், நல்ல மாவுதான். ஆனால் அது பெரும்பாலும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ பங்காகிறது. யாருக்காகக் கொடுத்தார்களோ அந்தக் குழந்தைக்கு ஒரு வாய் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆளில்லை.

வீட்டைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. குழந்தையின் வயிறு சின்னது. நாளுக்கு மூன்று நான்கு முறை, கெட்டியாக, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஊட்டினால்தான் உள்ளே இறங்கும். ஊட்ட யார் இருக்கிறார்கள்? 2017 சட்டத்திருத்தம் தந்த 26 வாரப் பேறுகால விடுப்பு, தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கவேண்டிய அதே சமயத்தில் முடிந்துபோகிறது. செங்கல் சூளைக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய்க்கு அந்த விடுப்பும் கிடையாது. பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். அப்பத்தாவும் தன்னால் முடிந்ததைத்தான் செய்வார். நீர்த்த கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட், தண்ணீர் கலந்த பசும்பால் என்று நாள் ஓடிவிடும். டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலையே முக்கிய உணவாகக் கொடுத்தால் ரத்தசோகை கூடும். இதை அந்த அப்பத்தாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முட்டை சூடு, கீரை மந்தம், மீன் சேராது என்ற பேச்சுகள் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். நெத்திலியும் ஈரலும் முருங்கைக்கீரையும் ஊரிலேயே கிடைக்கின்றன. மசித்துக் கொடுத்தால் எட்டு மாதக் குழந்தையும் சாப்பிடும்.

நாடு முழுவதும் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் நூற்றுக்கு 11 பேர்தான். பணக்கார வீட்டுப் பிள்ளையும் மீதி 89-இல் உண்டு. எனவே இது வறுமையின் கதை மட்டுமல்ல.

செய்யத் தெரியாத வேலையும் அல்ல இது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைத்தான் தேடிப்போனது. கிராமத்துப் பெண் ஒருவர் மாதந்தோறும் எடை பார்த்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தாய்க்கு எப்படி ஊட்டுவது என்ற பாடம். கடும் ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் கண்கூடாக இறங்கியது. அந்த அனுபவத்தை மறந்து, எல்லாச் சுமையையும் ஒரே அங்கன்வாடிப் பணியாளர் தலையில் ஏற்றினோம். முன்பருவக் கல்வி, சமையல் கணக்கு, செல்போன் பதிவு எல்லாம் அவர்தான். அவர் எப்போது எட்டு மாதக் குழந்தையின் வீட்டுக்குப் போவார்?

அரசிடம் கேட்பது இவைதான். ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு நிகராக முட்டை. அதற்கு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பணம். வீடு வீடாகச் சென்று ஊட்டும் முறையைச் சொல்லித்தர அங்கன்வாடிக்கு இரண்டாவது பணியாளர். வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்துத் திரவ மருந்து 2013-லிருந்தே விதியில் இருக்கிறது. அது குழந்தையின் வாய்க்குப் போனதைச் செவிலியர் பார்த்துக் குறிக்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். ஆலை ஆலையாக ஆய்வு நடக்கட்டும். வேலையிடம் சிதறிக்கிடக்கும் கூலித் தாய்மாருக்கு அங்கன்வாடியே மாலைவரை திறந்திருக்கட்டும்.

குழந்தைகளின் எடை, உயரக் கணக்குகள் அங்கன்வாடிகளில் மாதாமாதம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன; அவை அலுவலகக் கணினியோடு முடங்கிவிடுகின்றன. பெயர் சொல்லாமல், ஊரில் இரண்டு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், எடை ஏறாதவர் எத்தனை பேர் என்ற கணக்கை அக்டோபர் 2 கிராமசபையில் ஊராட்சித் தலைவர் வாசிக்கட்டும். சாலை, குடிநீர்க் கணக்குக்கு முன்பாக வாசிக்கட்டும்.