அந்தக் கார்டு யாருடையது?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு என்று எப்போதும் கூட்டம். என் முறைக்காக நான் காத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், பாத்தா படிச்சவராட்டம் இருக்கீங்க. இதுல இன்னா போட்டிருக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

திரையில் ஓர் அட்டையின் படம். ஜெர்மன் எழுத்து. மூலையில் ஒரு இளம் பெண்ணின் முகம். அவருடைய மகள். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், வேலை பார்ப்பது ஜெர்மனியில். கல்யாணமாகி இரண்டு வருஷம் நாலு மாதம். கடைசி ஆறு மாதமாக அடி, உதை. பெண்ணின் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறாராம் மாப்பிள்ளை. தினசரி வசனம் ஒன்று இருக்கிறது: "நான் ஒரு லெட்டர் எழுதிப் போட்டா போதும், அடுத்த பிளேன்ல நீ உத்திரமேரூர்."

அந்த அம்மா அதை அப்படியே நம்புகிறார். "அவரு போட்ட விசா சார். அவரே இழுத்துக்கிட்டா நாம இன்னா பண்ண முடியும்?"

எனக்கு வந்த கோபம் அந்த மாப்பிள்ளை மேல் மட்டும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தாய் மனதில் விதைத்த அத்தனை பேர் மேலும்தான். நீங்களும் நானும் அதில் உண்டு. "அவளுக்கென்ன, புருஷன் ஃபாரினுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்" என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறோம்? கூட்டிக்கொண்டு போனானாம். ஏதோ மூட்டையில் கட்டித் தூக்கிப் போனதுபோல.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய யூனியன் 2004 ஏப்ரல் 29 அன்று ஓர் உத்தரவு போட்டது. எண் 2004/38. ஒரு யூனியன் நாட்டின் குடிமகன் இன்னொரு யூனியன் நாட்டுக்குப் போய் வேலை செய்தால், அவருடைய மனைவி எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் கூட வந்து வாழலாம். நுழைவு விசாவுக்குக் கட்டணம் கிடையாது. அதையும் விரைவாகத் தர வேண்டும். போய் இறங்கியபின் ரெசிடென்ஸ் கார்டுக்கு மனு போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். மனைவிக்கென்று கேட்கக்கூடிய காகிதங்கள் மூன்றே மூன்று. அவளுடைய பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், கணவர் அந்த நாட்டில் பதிவு செய்து வாழ்கிறார் என்பதற்கு அத்தாட்சி. வேலை செய்யும் உரிமையும் உண்டு.

இதில் இன்னொரு நுணுக்கம். கார்டு வந்ததால் உரிமை வரவில்லை. அவள் மனைவி என்பதால் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. கார்டு அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் கொடுத்த பிறகா குழந்தை பிறக்கிறது?

இலவசமாகக் கிடைக்கும் இந்த விசாவுக்கு அந்தக் குடும்பம் ஓர் ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது இரண்டு லட்சம். நிச்சயதார்த்தத்தின்போதே நாற்பது சவரன் பேசியாயிற்று. அதற்காக ஏரிப் பாசனத்தில் இருந்த ஒரு ஏக்கர் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம்: "நேஷனாலிட்டி இருக்குல்ல?"

புதுச்சேரிப் பக்கம் இந்த 'நேஷனாலிட்டி' என்ற வார்த்தைக்கு இருக்கும் மவுசு நம்மூரில் டாக்டர் பட்டத்துக்குக்கூடக் கிடையாது. 1954 நவம்பர் 1-ல் பிரான்ஸ் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்து வாழ்ந்தவர்களில் விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தான் இன்று திண்டிவனம் வழியாக நம் ஊர்களுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள். தாத்தா போட்ட ஒரு கையெழுத்துக்குப் பேரன் நாற்பது சவரன் வாங்குகிறான். பெண்ணுக்குக் குடியுரிமை இருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகும் என்கிறார்கள். நியாயம்தான், சரக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் விலை. கல்யாணம் என்ற பேச்சை மட்டும் எடுத்துவிட்டால் சந்தை சுத்தமாக இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. இதே மாப்பிள்ளை பாரிஸில் வேலை பார்த்திருந்தால் நான் மேலே சொன்ன உத்தரவு பொருந்தாது. சொந்த நாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு பிரான்ஸின் உள்நாட்டுச் சட்டம். வெளிநாட்டில் கல்யாணம் செய்யுமுன்பே துணைத் தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிறகு கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் விசா. 2006 நவம்பரில் வந்த சட்டம் இதையெல்லாம் இறுக்கியது. அதாவது, பிரெஞ்சுக்காரன் ஜெர்மனியில் இருந்தால் அவன் மனைவிக்கு வழி சுலபம், சொந்த ஊரில் இருந்தால் கஷ்டம்! இந்தக் கோணலைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் ஓர் இந்தியர், சுரிந்தர் சிங். பிரிட்டிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு 1985-ல் இங்கிலாந்து திரும்பினார்கள். 1992 ஜூலை 7-ல் ஐரோப்பிய நீதிமன்றம், அப்படித் திரும்பி வருகிறவரின் துணைக்கும் அதே உரிமை உண்டு என்றது. பிரிட்டன் இப்போது யூனியனிலேயே இல்லை. மற்ற நாடுகளில் அந்த வழிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சரி, 'குடும்பம்' என்றால் யார் யார்? ஐரோப்பியச் சட்டத்தில் அதற்கு ஒரு பட்டியல் உண்டு. உத்திரமேரூரிலும் ஒன்று உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவனுடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, உறவினர் யார் என்று வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள். சித்தி, பெரியம்மா மகன்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன், அப்பா, மகன். ஒரு பெண் கிடையாது. அவர்கள் வழியாக ஆண்கள் உறவாகிறார்கள். அவர்கள் பட்டியலில் இல்லை.

ஐரோப்பியப் பட்டியலில் மனைவி முதலில் நிற்கிறாள். 21 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், அப்புறம் அவர்களை நம்பி வாழும் பெற்றோர். யாருடைய பெற்றோர்? இரண்டு பேருடைய பெற்றோரும்! மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன உரிமையோ அதே உரிமை, ஜெராக்ஸ் கடையில் என்னிடம் செல்போனை நீட்டிய இந்த அம்மாவுக்கும். மகளின் வருமானத்தில்தான் வாழ்கிறார் என்று காட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை. 'பொண்ணு வூட்டுல கை நனைக்கக் கூடாது' என்று பழமொழி பேசும் ஊரில் இதை எந்த ஏஜென்ட்டாவது சொல்லியிருப்பானா?

"போலிக் கல்யாணம் செய்து ஏமாற்றுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நடக்கிறது. மறுக்கவில்லை. அதைப் பிடித்தால் உரிமையைப் பறிக்க அதே உத்தரவில் இடமிருக்கிறது. ஆனால் சந்தேகத்தின் பெயரில் நம் பெண்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இருக்கின்றனவே! "முதலில் எங்கே சந்தித்தீர்கள்? எத்தனை நாள் பழகினீர்கள்?" வீட்டு ஹாலில், பஜ்ஜித் தட்டோடு, பத்து நிமிஷம் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் அதிகாரி புருவத்தை உயர்த்துகிறார். பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணமும் உண்மையான கல்யாணம்தான் என்று ஐரோப்பிய கமிஷன் 2014-ல் அதிகாரிகளுக்காக வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. எனவே பொய்க் காதல் கதை எழுதிக்கொடுக்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். மாட்டிக்கொள்வது பெண்தான், அவன் இல்லை.

நம் பக்கத் தப்பும் இருக்கிறது. மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக மட்டும் சோம்பல். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அந்தக் காகிதம்தான் நான் சொன்ன மூன்றில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை எத்தனை வழவழப்பாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. சான்றிதழின் ஒரு நகலைப் பெண் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமியார் பீரோவில் இல்லை.

இனி அந்த மாப்பிள்ளையின் வசனத்துக்கு வருவோம். "ஒரு லெட்டர் போட்டா போதும்." போதாது.

இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. கணவர் பிரெஞ்சுக்காரர், வாழ்ந்தது பெர்லினில், மனைவி செனகல் நாட்டுப் பெண், பெயர் தியாத்தா. கணவரைப் பிரிந்து தனி வீடு எடுத்துப் போய்விட்டார். தங்கும் அனுமதியை நீட்டிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். 1985 பிப்ரவரி 13-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முறைப்படி விவாகரத்து ஆகும்வரை கல்யாணம் கல்யாணம்தான். நாற்பது வருஷமாகிறது. நம் தரகர்கள் யாருக்கும் இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

விவாகரத்தே ஆனால்? கல்யாணம் மூன்று வருஷம் நீடித்து, அதில் ஒரு வருஷம் அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் அவள் உரிமை தொடரும். மூன்று வருஷம் ஆகவில்லை, ஆனால் வீட்டில் வன்முறைக்கு ஆளானவள் என்றால், அப்போதும் தொடரலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்: டாக்டர் சீட்டு, போலீஸ் புகார். அடித்துவிட்டு அவன் வேறு நாட்டுக்கு ஓடிவிட்டால்? முன்பு அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2021 செப்டம்பர் 2-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த வழக்கொன்றில் நீதிமன்றம் அதை அடைத்தது. அவன் போனபிறகு நியாயமான கால அளவுக்குள் விவாகரத்து வழக்குத் தொடங்கினாலும் வன்முறைக்கு ஆளானவளுக்கு உரிமை உண்டு.

எல்லாம் சுலபம் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. விவாகரத்துக்குப் பிறகு அவள் தன் காலில் நிற்க வேண்டும். வேலையோ, போதுமான வருமானமும் மருத்துவக் காப்பீடுமோ காட்ட வேண்டும். மொழி தெரியாத ஊரில் வக்கீல் பிடிக்க வேண்டும். "உனக்கு ஜெர்மன் வராது, வீட்டுல கிட" என்று ஒரு கணவன் சொல்லும்போது, அவன் அவளுடைய சம்பளத்தை மட்டும் தடுக்கவில்லை, நாளைக்கு அவள் அங்கேயே வாழ்வதற்கான வழியையும் சேர்த்து அடைக்கிறான் என்று அர்த்தம்.

பாஸ்போர்ட்? அது அவனுடைய சொத்தும் இல்லை, அவளுடைய சொத்தும் இல்லை. நம் பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. பூட்டிவைக்க மாப்பிள்ளைக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

இதையெல்லாம் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்று அந்த அம்மாவின் முகம் சொன்னது. கறுப்பாக விழுந்து கடைக்காரர் ஒதுக்கி வைத்திருந்த ஒரு தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கல்யாணத் தேதி, அவள் ஜெர்மனி போன தேதி, மூன்று வருஷம் முடியும் தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்போ அந்தக் கார்டு அவ பேர்லதான் இருக்குதா சார்?"

"அவ பேர்லதான்மா. போட்டோகூட அவளோடதுதானே?"

அங்கேயே போன் போட்டார். நான்காவது மணியில் எடுத்தாள். "அம்மா, யாரு பக்கத்துல? அவரு ஊட்டுல இல்ல, சீக்கிரம் சொல்லு." போனை என்னிடம் கொடுத்தார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ஜெர்மனியில் ஓர் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது, ஆங்கிலத்திலும் பேசலாம்: 116016. இரண்டு தடவை சொன்னேன். திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.