சர்வர் திணறும்போது

தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையதளத்தை நாடுகின்றனர், பக்கம் திறக்கவில்லை. பொறுப்பிலிருக்கும் இளைஞர் பதறிப்போய்ச் சர்வரை அணைத்து மீண்டும் இயக்குகிறார். ஐந்து நிமிடங்களில் பழைய கதையே! தங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எவரேனும் இப்பணியில் இருப்பின், அவரிடம் இப்பக்கத்தைக் கொடுங்கள்.

லினக்ஸ் சர்வராயின், முதலில் தட்டச்சு செய்ய வேண்டியது 'டாப்' என்னும் கட்டளை. மேல்வரியில் மூன்று எண்கள் தோன்றும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை அவை. முதல் எண் 20, கடைசி எண் 2 எனில் கூட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது; தலைகீழாயின் கலைந்துகொண்டிருக்கிறது. வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் பணிகளையும் லினக்ஸ் இதில் சேர்த்தே எண்ணும். ஆகவே சுமை மிகுந்திருந்தும் பிராசசர் சும்மா இருக்குமானால், வட்டின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

பல வேளைகளில் உண்மைக் காரணம் நினைவகப் பற்றாக்குறையே. அப்பாச்சி மென்பொருள் 'பிரீஃபோர்க்' முறையில், மாற்றாவிடில், 256 பணியாளர் பிராசஸ்கள் வரை உருவாக்கும். ஒன்றுக்கு 50 எம்.பி. எனில் மொத்தம் 12,800 எம்.பி.! இயந்திரத்தில் இருப்பதோ 2 ஜி.பி. எஞ்சியவை வட்டுக்குத் தள்ளப்பட, யாவும் ஊர்ந்து செல்கின்றன. தரவுத்தளத்திற்கு 500 எம்.பி. ஒதுக்கிவிட்டு 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் ஒர்க்கர்ஸ்' என்னும் வரம்பை 30 என வைத்தால் போதும். ஆட்களைக் குறைத்தால் வேலை விரைவாகுமா என்று வினவலாம். ஆகும். மற்றவர்கள் வரிசையில் சிறிது நேரம் நிற்பர், அவ்வளவே.

'கில்' கட்டளையில்தான் நான் தவறிழைத்தேன். எண் எதுவும் தராவிடில் அது 15ஆம் சைகையை அனுப்பும். கையிலுள்ளதை முடித்துவிட்டு விலகுமாறு வேண்டுவது அது. 9ஆம் சைகையோ, பிராசசுக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல் அதனை அகற்றிவிடும். கணினி படித்தவனல்லன் நான். தேவையே எனக்கு ஆசிரியர். ஒருநாள் அவசரத்தில் தரவுத்தளத்திற்கே 9ஐக் கொடுத்துவிட்டேன். மீண்டும் எழுந்தபோது அது பாதியில் நின்ற பதிவுகளைச் சரிசெய்துகொள்ள நெடுநேரம் பிடித்தது. அத்தனை நேரமும் தளம் மூடியே கிடந்தது. திணறலாவது யாரோ சிலருக்கு விடை தந்துகொண்டிருந்தது. என் அவசரம் எவருக்கும் தரவில்லை.

இப்போதெல்லாம் அப்பாச்சியின் வரம்பை மாற்றியபின் 'அப்பாச்சிசிடிஎல் கிரேஸ்ஃபுல்' என்றே கட்டளையிடுகிறேன். பணியாளர் ஒவ்வொருவரும் கையிலுள்ள வேண்டுகோளை முடித்துக்கொடுத்த பிறகே விலகுவர். புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்துவிடும்.