மலைத்தீவில் ஒரு சிறு விடுதி



2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பார்படோஸ் தீவில் வேலை பார்க்கும் என் தம்பியின் அழைப்பின்பேரில் நாங்கள் குடும்பமாக அங்கே சென்றிருந்தோம். அங்கிருந்து நான்கு நாட்கள் டொமினிக்கா தீவில் தங்கி வர விரும்பிச் சிறிய விமானம் ஒன்றில் புறப்பட்டோம். டொமினிக்கன் குடியரசு என்பது வேறு தேசம். டொமினிக்காவோ 1978-ஆம் ஆண்டு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற, ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் மாத்திரம் வாழ்கிற மலைத்தீவு. வெண்மணற் கடற்கரைகளுக்கு அல்ல, ஆறுகளுக்கும் காடுகளுக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கும் அது பேர்பெற்றது.

விமான நிலையம் தீவின் வடகிழக்கில் இருக்கிறது. எங்கள் விடுதியோ தலைநகரமாகிய ரோசோவுக்கு மேலே, டிராஃபல்கர் கிராமத்தின் அருகே. வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் பிள்ளைகள் இருவரும் வாந்தி எடுத்துக் களைத்துப்போனார்கள். வந்து சேர்ந்தபோது கண்டது ஆறே அறைகளுள்ள, தகரக் கூரை போட்ட வீடு. நீச்சல் குளம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. "அம்மா, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான் மகன். அவனைக் கடிந்துகொண்டேனே தவிர, என் உள்ளமும் அதையே கேட்டது. மறுநாள் காலையில் பெரிய ஓட்டலுக்கு மாறிவிடலாம், மீதி மூன்று நாட்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நானும் என் கணவரும் இரகசியமாகப் பேசி முடித்தோம்.

அன்று மாலை என் மாமியாரைக் காணவில்லை. தேடிப் போனால், சமையலறையில் விடுதியின் உரிமையாளராகிய மூதாட்டியோடு உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள்! அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அம்மாள் பேசிய கிரியோல் மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் சேப்பங்கிழங்கு இருவருக்கும் தெரிந்திருந்தது. சேம்பிலையில் கடைந்த சூப்பும், சுட்ட சீமைப்பலாவும் இரவு மேசைக்கு வந்தன. அடிமைகளுக்கு மலிவான உணவாகட்டும் என்று 1793-ஆம் ஆண்டு பசிபிக் தீவுகளிலிருந்து கரீபியனுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட மரம் அது. இன்றோ அந்த அடிமைகளின் சந்ததியார் அதைத் தங்கள் சொந்த உணவாகக் கருதி விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள்.

சாப்பிடும்போதே பெருமழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் விழுந்த சத்தத்தில் என் மகள் நடுங்கி, "இந்தக் கூரை பறந்துவிடுமா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ஒருமுறை பறந்தது" என்றார்.

2017 செப்டம்பர் 18-ஆம் தேதி இரவு, மரியா என்னும் ஐந்தாம் வகைப் புயல் இந்தத் தீவின்மேல் நேராக வந்தது. பத்தில் ஒன்பது கூரைகளுக்குக் குறையாமல் சேதம். பிரதம மந்திரி தங்கியிருந்த வீட்டின் கூரையும் தப்பவில்லை. மரித்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 65 பேர். அந்த அம்மாள் பேரனை அணைத்தபடி, கான்கிரீட் தளம் போட்ட குளியலறையில் விடியும்வரை நின்றாராம். காலையில் வெளியே வந்தபோது எதிர்மலையில் ஒரு மரத்திலும் இலை இல்லை. "இங்கிலாந்துக்கு வந்துவிடு" என்று மூத்த மகன் அழைத்தான். "எல்லோரும் போய்விட்டால், ஊருக்குத் திரும்பி வருகிறவனுக்குக் கதவு திறப்பது யார்?" என்று சொல்லித் தங்கிவிட்டார். விருந்தினர் கொடுத்த வாடகையைச் சேர்த்து, ஒவ்வோர் அறையாகக் கட்டினார்.

பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு என் மகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். நான்கு புறமும் சரியும் கூரை. காற்று பிடித்துத் தூக்காதபடி குறுகலான இறவாணம். ஒவ்வொரு கைமரத்தையும் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை. ஆணிக்குப் பதில் திருகாணி. தாழ்வாரத்தின் கூரை மாத்திரம் தனியாக நின்றது. "காற்று இதைக் கொண்டுபோகட்டும், வீட்டை விட்டுவிடும்" என்று விளக்கினார். மகள் ஒவ்வொரு பட்டையாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போய் அயர்ந்து தூங்கினாள். நாங்களோ வெட்கத்தோடு விழித்திருந்தோம். நாங்கள் திரும்பக் கேட்க எண்ணிய பணம் எந்தக் கைமரத்துக்கு உரியதோ!

மறுநாள் நடந்தே டிராஃபல்கர் அருவிகளுக்குப் போனோம். அவை இரண்டு. உயர்ந்ததைத் தந்தை என்றும் மற்றதைத் தாய் என்றும் அழைக்கிறார்கள். அருகே பாறைகளுக்கிடையில் வெந்நீரும் கசிகிறது. அதில் கால் வைத்த என் மகன் மாலைவரை கைப்பேசியைக் கேட்கவில்லை.

பிரயாணம் பண்ணுகிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயற்காலம். அதைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். சிறு விடுதியில் என்ன உண்டு, என்ன இல்லை என்று முன்னதாகவே கேட்டு அறியுங்கள். போய்ச் சேர்ந்தபின் முறுமுறுக்காதிருங்கள். வீட்டார் சமைப்பதை அவர்களோடு அமர்ந்து சாப்பிடுங்கள். முக்கியமாக, வயதானவர்களை அறையில் விட்டுவிட்டுச் சுற்றிப்பார்க்கக் கிளம்பாதிருங்கள். எங்களுக்கு அந்த வீட்டின் கதவைத் திறந்தவர் அத்தைதான்.

புறப்படும் காலையில் அந்த இருவரும் வெகுநேரம் கைகோத்து நின்றார்கள். என்ன பேசினீர்கள் என்று அத்தையைக் கேட்டேன். "மறுபடியும் வா என்றாள். சரி என்றேன்" என்றார்கள்.