ராமர் படம் போட்ட 1818 காசு: கதையைக் கேட்காதீங்க, எடையைப் பாருங்க

உங்க வாட்ஸ்அப்புக்கும் இது வந்திருக்கும். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’. கூடவே ஒரு குறிப்பு: “இதன் மதிப்பு பல லட்சம். அவசரத் தேவை, குறைந்த விலைக்குத் தருகிறோம்.” இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று சேலம், நாமக்கல் பக்கம் பல வருஷமாகக் கேட்டுச் சலித்த கதையின் இன்னொரு வடிவம்தான் இது. முன்பு நிலத்தை விற்றுப் பணம் கட்டினார்கள். இப்போது சம்பள அக்கவுன்ட்டிலிருந்து யுபிஐ-யில் போகிறது.

இந்தக் காசு ஏன் போலி?

கம்பெனி சாமி படம் போட்டுக் காசே அடிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. மதராஸ் மாகாணத்துத் தங்க வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. மக்கள் நம்பிக் கையில் வாங்க வேண்டும் என்பதற்காக ஊர் வழக்கத்தையே கம்பெனி பின்பற்றியது. இந்தப் பாதி உண்மைதான் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறது.

சேலம் பகுதி 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. அதற்கு முன் இங்கே மைசூர் காசுகள் புழங்கின. யானை பொறித்த திப்புவின் செப்புக் காசு அதில் ஒன்று. பிறகு மதராஸ் மாகாணத்தின் வராகன், பணம், காசு. 1808-ல் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய பத்துக் காசு நாணயத்தில் கம்பெனியின் சின்னம் இருக்கும். 1818-ல்தான் இந்த மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க்கு மாறியது. கம்பெனி ஆட்சி முழுக்க ஒரே மாதிரி நாணயம் என்பது 1835 சட்டத்துக்குப் பிறகு. அப்போது வந்த செப்பு அரை அணாவிலும் கம்பெனி சின்னம்தான், சாமி படம் கிடையாது. ஆக, 1818 என்று தேதி போட்ட ‘ராமர் அரை அணா’ எந்த அரசும் அடித்த காசு அல்ல. பிற்காலத்தில் செய்த வில்லை. பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்க, தப்பில்லை. லட்சம் கொடுக்காதீங்க.

தொப்பி சொல்லும் பாடம்

பழம்பொருள் மோசடி நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜெர்மனியில் கோன்ராட் குஜாவ் என்பவர் நாஜி காலச் சீருடை, தலைக்கவசம், பதக்கம் என்று விற்றுவந்தார். கூடவே போலிச் சான்றுகளையும் தயாரித்தார். கடைசியில் ‘ஹிட்லரின் டைரி’களையே எழுதிவிட்டார். ‘ஸ்டெர்ன்’ பத்திரிகை 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொடுத்து அவற்றை வாங்கி, 1983-ல் வெளியிட்டது. கையெழுத்து நிபுணர்கள் அசல் என்றார்கள். காரணம், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மாதிரிகளிலேயே குஜாவ் எழுதியவை கலந்திருந்தன! கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதம். போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வெளுப்பு ரசாயனம் அதில் இருந்தது.

அந்தக் கால ஜெர்மன் அதிகாரிகளின் தொப்பி வாங்குபவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் நூல் பளிச்சென்று ஒளிர்கிறதா? பாலியஸ்டர் நூல் துணிச் சந்தைக்கு வந்ததே போருக்குப் பிறகுதான். உள்பட்டைத் தோலில் வியர்வைக் கறை இயல்பாக இருக்கிறதா, தேய்த்துப் பூசியதா? விற்பவர் சொல்லும் ‘தாத்தா ராணுவத்தில் இருந்தார்’ கதை கடைசியில்தான் வரும். பொருள் பேசி முடித்த பிறகு.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசோடு போனால் யாரும் கதை கேட்க மாட்டார்கள். “டச் எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். நாமும் அப்படியே.

எடை, அளவு: 1835-ன் நான்காம் வில்லியம் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மி.மீ., 91.7 சதவீதம் வெள்ளி. தேய்மானத்தால் எடை கொஞ்சம் குறையலாம். கூட இருந்தால் சந்தேகப்படுங்க.

தண்ணீர்ச் சோதனை: 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்க. காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்க விடுங்க. அசல் ரூபாய் என்றால் சுமார் 1.13 காட்டும். அதே எடையில் ‘ஜெர்மன் சில்வர்’ என்றால் 1.35 பக்கம் போகும். பெயரில்தான் சில்வர். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.

விளிம்பு: சுற்றிலும் ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ, அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தது.

காந்தம்: வெள்ளியும் செம்பும் ஒட்டாது. ஒட்டினால் பேச்சே இல்லை. ஒட்டாததால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது.

முக்கியமாக, புளி போட்டுத் தேய்க்காதீங்க. நூறு வருஷப் பாசியும் கறுப்பும்தான் அதன் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் விலையும் போகும், சாட்சியும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கிணறு வெட்டும்போது, வீடு இடிக்கும்போது புதையல் கிடைத்தால், 1878 சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய நோட்டு, காசு விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியும் 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. “முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க” என்ற வார்த்தை வந்தாலே போனை வைத்துவிடலாம்.

நமக்குக் கவலை தருவது இன்னொன்று. போலி வில்லைக்கு லட்சம் கொடுக்கும் அதே ஊரில், பாட்டி சுருக்குப்பையில் வைத்துவிட்டுப் போன அசல் விக்டோரியா ரூபாய் வெறும் வெள்ளி எடைக்கு உருக்கப்படுகிறது. பொய்க்கு விலை, வரலாற்றுக்கு எடைக்கூலி. விற்பனைத் தளங்கள் பழைய நாணய விளம்பரத்துக்கு எடை, விட்டம், விளிம்புப் படம் மூன்றையும் கட்டாயமாக்கினாலே பாதிப் போலி அன்றே விழும். அதுவரை கேள்வி கேட்க வேண்டியது நாம்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்க. இருப்பதைப் படம் எடுத்து, எடை குறித்து வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் காட்டுங்க. பட்டறைக்குப் போன காசு திரும்பி வராது.